யுபிஎஸ் கத்திய ஐந்து நிமிடம்

தரமணி அலுவலகத்தில் மின்சாரம் போய், மேசைக்கடியில் யுபிஎஸ் கத்தத் தொடங்கியது. அங்கே எல்லோருடைய கணினியும் என் பொறுப்பு.

சின்ன வயதில், அபிராமபுரம் வீட்டில் அந்தச் சத்தம் வந்தால், ஐந்து நிமிடத்தில் மோடமும் கணினியும் அணைந்துவிடும். ஒருநாள் அப்படித்தான் மதிய வெயில், மின்விசிறி நின்றிருந்தது. ஆன்லைன் விளையாட்டில் நாங்கள் ஐந்து பேர் ஒரு டிராகனோடு சண்டையில் இருந்தோம். நான் வைத்தியச்சி, அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றுவது என் வேலை.

"ஆஃப் பண்ணும்மா," என்றார் அப்பா.

"முடியாதுப்பா. இப்ப நான் போனா எல்லாரும் செத்துடுவாங்க."

பேட்டரியை மிச்சம் பிடிக்க மானிட்டரை மட்டும் அணைத்தேன். ஹெட்போனில் யார் "எனக்கு, எனக்கு" என்று கத்தினார்களோ, அவர்களுக்கான பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

"டிராகன் காலி மச்சி," என்றது ஒரு குரல். மானிட்டரைப் போட்டேன்.

அப்பா குனிந்து பார்த்தார். "யாரும்மா அது, கீழ விழுந்து கிடக்கறது?"

"நான்தாம்பா."

எனக்கும் உயிர் போய்க்கொண்டிருந்ததைச் சொல்ல ஹெட்போனில் குரல் ஏதும் இல்லை.

"அக்கா, இங்க வாங்க, என் ஃபைல் போயிடும்," என்று இப்போது அலுவலகத்தில் மூன்று பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள்.

"இருங்க, வரேன்," என்றேன். முதலில் என்னுடையதைச் சேமித்தேன்.