கீறல் டீச்சர்

"இன்னிக்கும் எடுக்கணுமா டீச்சர்?"

"இன்னிக்கும் பள்ளிக்கூடம் உண்டுதானே சார்?"

காலை எட்டேகாலுக்குத் தலைமை ஆசிரியர் அறையில் தினமும் நடக்கும் பேச்சு இது. அவர் இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்து மேசை மேல் வைப்பார், கையில் தரமாட்டார். டீச்சர் பதிவேட்டில் கையெழுத்திட்டு, இரும்பு பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து தன் வகுப்புக்கான பன்னிரண்டு தொடுதிரை டேப்களையும் அள்ளி, மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவார். எதிரே வரும் சக ஆசிரியர்கள் சுவரோரம் ஒதுங்கி வழிவிடுவார்கள். மரியாதைக்காக அல்ல. இடித்து ஒன்று உடைந்தால் தங்கள் பெயரும் அறிக்கையில் ஏறிவிடுமே என்றுதான்.

கல்வி அலுவலகத்துக்கு மாதாமாதம் போகும் சேத அறிக்கையில் மற்ற பிரிவுகளுக்கு நேரே 'இல்லை' என்றிருக்கும். இவருடைய நாலாம் வகுப்புக்கு நேரே கீறல், கீறல், விரிசல் என்று மூன்று வரி நிறையும். ஆசிரியர் அறையில் 'கீறல் டீச்சர்' என்று பெயர் விழுந்தது அப்படித்தான். அவருக்கு அதில் வருத்தமில்லை. "கீறல் இல்லாத கரும்பலகை எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு சாக்பீஸ் தூளைத் தட்டிவிடுவார்.

நாற்பத்தாறு வயது. வேக நடை, கரகரத்த குரல். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, மூன்று சார்ஜர் வயர்களும் ஒட்டுநாடாச் சுருளும் கட்டாயம் இருக்கும். இத்தனைக்கும் கருவிகள் மேல் அவருக்கு மயக்கம் கிடையாது. வீட்டில் ரிமோட்டைக்கூடக் கணவர்தான் இயக்குகிறார். "இது ஒண்ணும் மந்திரப் பெட்டி இல்லங்க. சிலேட்டுதான். என்ன, இது காது கேக்கற சிலேட்டு."

முப்பத்தாறு பிள்ளைகள், மூன்று பேருக்கு ஒரு டேப். ஒருவர் பாடத்தை வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். இன்னொருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்றாமவர் பிழை கண்டுபிடிக்க வேண்டும். பிறகு மூவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பதிவைக் கேட்பார்கள். டீச்சர் திருத்தினால் முகம் சுருங்கும் பிள்ளை, தன் குரலில் தன் தப்பைக் கேட்டதும், "அய்யய்யோ, அழி அழி! மறுபடி!" என்று தானே பாய்கிறது. ஒரு விரிசல் அப்படிப் பாய்ந்ததில் விழுந்தது. இன்னொரு டேப்பின் மேல் ஒருவன் உட்கார்ந்துவிட்டான். மூன்றாவதில் எப்படிக் கீறல் விழுந்தது என்று கேட்டால் வகுப்பு முழுக்க ஒரே குரலில், "அதுவா விழுந்துச்சு டீச்சர்!" என்கிறது.

இஸ்திரிக் கடைக்காரரின் மகள் மூன்றாம் வகுப்பு முழுவதும் வாய் திறக்காதவள். 'ஊமைக்கோட்டான்' என்றார்கள். முதல் வாரம் அவள் பதிவில் மூச்சுச் சத்தம் மட்டுமே இருந்தது. டீச்சர் அதையும் முழுதாகக் கேட்டார். இரண்டாம் வாரம் ஒரு சொல் வந்தது. இப்போது சன்னலோரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறாள். "பதினாலு தடவைங்க! நான் சொல்லியிருந்தா ஒரு தடவை படிச்சிருப்பாளா?" என்று வழியில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னார் டீச்சர்.

பக்கத்துப் பிரிவின் கதை வேறு. அங்கே பன்னிரண்டு டேப்களும் புத்தம் புதிதாக இருக்கின்றன. கண்ணாடி மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. ஆனால் பயன்பாட்டு நேரத்தில் மாவட்டத்திலேயே முதலிடம். எப்படி என்று டீச்சருக்குப் பிடிபடவே இல்லை. ஒருநாள் மதிய இடைவேளையில் ஆளில்லாத தலைமை ஆசிரியர் அறைக்குப் போனபோது பூட்டிய பீரோவுக்குள்ளிருந்து ஏழாம் வாய்ப்பாடு கேட்டது. இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார். மேல்தட்டில் பன்னிரண்டும் சார்ஜரில் தொங்கியபடி ஒன்றுக்கொன்று பாடம் நடத்திக்கொண்டிருந்தன.

நேரே ஆசிரியர் அறைக்கு வந்தார். "பீரோ இந்த வருஷம் பாஸாயிடும்! பிள்ளைங்க கதைதான் தெரியல."

சிரித்தார்கள். அங்கிருந்த தலைமை ஆசிரியர் சிரிக்கவில்லை. "மேல கேக்கறது எத்தனை நிமிஷம் ஓடுச்சுன்னுதான் டீச்சர். எந்தப் பிள்ளை படிச்சுதுன்னு யாரும் கேக்கல. உடைஞ்சா மட்டும் என்னைக் கேக்கறாங்க."

அன்று வீட்டில் அடுப்பில் பாத்திரங்கள் இடிபட்டன. பேருந்து ஓட்டும் கணவர் முழுக்கதையும் கேட்டுவிட்டு, "பஸ்ஸ டிப்போவுலயே போட்டு இன்ஜினை ஓட விட்டா ஒரு கீறல் விழாது. கிலோமீட்டர் மட்டும் எப்படி ஏத்துவாங்களாம்?" என்றார். டீச்சர் சிரித்துவிட்டார். பிறகு அடக்க முடியாத கோபத்தில் கல்வி அலுவலகத்துக்கு மூன்று பக்கப் புகார்க் கடிதம் எழுதினார்.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை, உத்தரவு வந்தது. சேதம் இல்லாமல் அதிக நேரம் பயன்படுத்திய பிரிவுக்கு ஊக்கமாக இன்னும் பன்னிரண்டு டேப்கள் தரவேண்டும். அவற்றைச் சேதம் அதிகமுள்ள பிரிவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பீரோவுக்குப் பரிசு, பிள்ளைகளுக்குத் தண்டனை. இதைத் தட்டச்சு செய்தவருக்குக்கூடவா கை கூசவில்லை?

புதன்கிழமை இரண்டு மணிக்கு, வாசிப்பு நேரத்தின் நடுவில், அட்டைப்பெட்டியோடு அதிகாரி வந்தார். பின்னால் தரையைப் பார்த்தபடி தலைமை ஆசிரியர்.

"ஒரு படிவம் இருக்கு மேடம். 'சேதத்துக்கான காரணம்'னு ஒரு கட்டம் காலியா இருக்கு பாருங்க."

டீச்சர் பேனாவைத் திறந்து ஒரே சொல் எழுதினார்: 'படித்தார்கள்.'

"இதெல்லாம் ஒரு காரணமா மேடம்?"

"வேற தெரிஞ்சா நீங்களே எழுதிக்குங்க சார்."

பிள்ளைகள் ஒவ்வொரு குழுவாக எழுந்து வந்து பெட்டியில் வைத்தார்கள். அவசரத்தில் ஒருத்தி தன் பென்சிலையும் சேர்த்து வைத்துவிட்டாள். திரும்பக் கேட்கவும் அவளுக்குப் பயம். டீச்சரே குனிந்து எடுத்துக் கொடுத்தார். அதிகாரி விரல்விட்டு எண்ணினார்.

"பதினொண்ணு. இன்னொண்ணு எங்க?"

சன்னலோரம் சுவரைப் பார்த்தபடி இஸ்திரிக் கடைக்காரர் மகள் வாசித்துக்கொண்டிருந்தாள். திரையில் சிவப்புப் புள்ளி எரிந்தது. நடப்பது எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தின் கடைசிப் பத்தியில் இருந்தாள்; அதுவரை ஒரு பிழையும் இல்லை. பிடித்துக்கொண்டிருந்த பையனும் பிழை தேடும் சிறுமியும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏ பாப்பா, இங்க குடு..." என்று ஆரம்பித்த அதிகாரி கையை நீட்டியபடி இரண்டு எட்டு வைத்தார்.

டீச்சர் குறுக்கே வந்து நின்றார். அதிகாரியின் முகத்தை நேராகப் பார்த்து, ஆள்காட்டி விரலைத் தன் உதட்டின் மேல் வைத்தார்.