நின்றுகொண்டே ஓடிய ஜீப்

அட்லாண்டாவில் கோடை வந்தால் காற்றுக்கும் உடம்பு சரியில்லாமல் போகிறது. காலையில் ரேடியோக்காரர் சொல்வார்: இன்று காற்று மோசம், முடிந்தால் இரண்டு பேராக ஒரே காரில் போங்கள், கடைக்கும் பேங்குக்கும் தனித்தனியாக அலையாதீர்கள், பெட்ரோலைப் பொழுது சாய்ந்தபின் போடுங்கள், வெயிலில் அதன் ஆவியும் கெடுதல். பெட்ரோலுக்கு ராகுகாலம் பார்க்கிறார்கள் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு மிச்சமிருந்த கடைசி ரசிகை அவள்.

கோலார் தங்கவயலில் காற்று கெட்டால் யாரும் அறிவிப்பதில்லை. கோடைக் காற்றில், தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டின் தூள் கிளம்பிச் சோற்றுத் தட்டில் வந்து உட்காரும். ஒதுக்கிவிட்டுத் தின்போம். என் அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் முப்பது வருஷம் பாறை துளைத்தவர். ஓய்வு பெற்றபோது நெஞ்சு நிறையக் கல்தூளோடு மேலே வந்தார். ஸ்கெலட்டன் என்ற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் எங்கள் லைன் வீட்டுக்கு இருந்தது ஒரே ஜன்னல். அதன் கீழே அவர் கட்டில். ஜன்னலுக்கு வெளியே என் ஜீப்.

கனரக இயந்திரத் தொழிற்சாலையில் வேலை கிடைத்த பிறகு ஏலத்தில் எடுத்த பழைய டீசல் ஜீப் அது. தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து கால்மணி நேரம் உறுமவிடுவேன். பேட்டரி வீக், சூடேறாவிட்டால் வழியில் நின்றுவிடும் என்று எல்லோரிடமும் சொன்னேன். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. வண்டி வைத்திருப்பவன் நான் ஒருவன்தான் என்பது லைன் முழுக்கக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு நாள் அப்பா இருமி முடித்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்: "சுரங்கத்துக்கு அடியில வெடி வச்சா, புகை போற வரைக்கும் ஒருத்தனையும் லெவலுக்குள்ள வுடமாட்டாங்க. நீ நான் உள்ள கீறப்பவே வெக்கிறியேடா."

எனக்கு வேடிக்கையாகப் பேச வரும் என்று ஊரில் பெயர். அன்றும் வந்தது. "முப்பது வருசம் கல்லுத்தூள் தின்னியே நைனா, என் புகைதான் காரமா கீதா?"

வாசலில் நின்ற நண்பர்கள் சிரித்தார்கள். அப்பா கையை நீட்டி ஜன்னலைச் சாத்திக்கொண்டார். தகரக் கூரை, ஏப்ரல் மாதம். நான் அமெரிக்கா கிளம்பும்வரை காலையில் அது சாத்தியே இருந்தது. ஜீப்பை விற்றுத்தான் விமான டிக்கெட் வாங்கினேன்.

போன கோடையில், மகளைக் கூட்டிவரப் பள்ளியின் கோடை முகாமுக்குப் போனேன். ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆசிரியை வந்து என் பானெட்டைக் காட்டி, சாவி திருகுவதுபோல் கையைத் திருகினாள். வண்டியில் ஏதோ கோளாறு என்று பதறி இறங்கிப் பானெட்டைத் தூக்கினேன். எங்கள் ஊரில் பானெட் திறந்தால் ஐந்து பேர் எட்டிப் பார்ப்பார்கள். இங்கே அவள் மட்டும் பொறுமையாக நின்றாள். வண்டிக்கு ஒன்றுமில்லை, அணைத்துவிடுங்கள் என்றாள். வரிசையை ஒட்டிய வகுப்பறையில் மூச்சுக்கு மருந்து உறிஞ்சும் பிள்ளை இருக்கிறதாம். திரும்பிப் பார்த்தேன். அதன் ஜன்னல் சாத்தியிருந்தது.

அணைத்தேன். அன்றிலிருந்து முகாம் வாசலில் மட்டுமல்ல, எங்கே நின்றாலும் அணைக்கிறேன். பெட்ரோலும் பொழுது சாய்ந்துதான். ஆபீசுக்கு ஒரு குஜராத்திக்காரரோடு ஒரே காரில் போகிறேன், அவர் என்னைவிட மோசமாக ஜோக் சொல்கிறார். இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவிடம் ஒப்பித்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன். வாயில் வந்தது ரேடியோ அறிவிப்பு.

அந்தப் பக்கம் அப்பா இருமி முடித்தார். பிறகு சொன்னார்:

"வெள்ளக்காரன் புள்ளைக்குன்னா அணைக்கிற. நல்லாயிருடா. நானும் ஜன்னல தொறந்துதான் வச்சிகீறேன். நீ போன அன்னிக்கே தொறந்துட்டேன்."

முகாம் வரிசையில் இப்போதெல்லாம் எஞ்சின் அணைத்த காரில் சட்டை நனைய உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பள்ளி ஜன்னல் திறந்திருக்கிறது. அது திறந்திருக்க நான் இங்கே வண்டியை அணைத்தால் போதும். ஸ்கெலட்டன் ஜன்னல் திறந்திருக்க, நான் அங்கே போகாமலிருந்தால் போதும்.