பாய்க்குச் சொல்ல வேண்டிய பதில்

சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் எங்கள் வீடு. நான் துறைமுகத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. இன்று திருவொற்றியூரில் என் லாரிகள் வரிசையாக நிற்கின்றன என்றால், எல்லாம் இந்தக் கையால் வந்தது. இரண்டு ஆள் தூக்குகிற மூட்டையை நான் ஒருவனே தூக்குவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மை.

எனக்கு ஒரு தோஸ்து இருந்தான். ராயபுரத்தில் கருவாட்டு மண்டி வைத்திருந்தவரின் மகன், காலேஜ் மாணவன். பாய் என்றுதான் கூப்பிடுவேன். ஞாயிறு சாயங்காலம் ராயபுரம் கடற்கரைக் கல்லில் உட்கார்ந்து, நாடுகள் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்கின்றன என்ற தன் பாடத்தை என்னிடம் சொல்லிப் பார்ப்பான். எனக்கே புரிந்துவிட்டால் பரீட்சை சுலபமாம்!

"நாடுங்களுக்கு மேல போலீஸ்காரன் எவனும் கெடையாது மாமு. அதனால பலம் கீறவன் வெச்சதுதான் சட்டம்னு ஒரு கட்சி. இல்ல, குடுத்த வாக்க நம்பியே ஒண்ணா பொழைக்கலாம்னு இன்னொரு கட்சி. ரெண்டையும் ஒப்பிட்டு எழுதணும்."

"இதுல ஒப்பிட இன்னா கீது பாய்? இந்தக் கையப் பாரு. முகத்துவாரத்துல எங்க மொறைய எவனாவது தொடுவானா?"

முகத்துவாரத்தில் வலை கட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நாள் முறை உண்டு. எதிர்க்கரைக் குப்பத்தோடு எங்களுக்கு அடிதடியே நடந்திருக்கிறது.

பாய் சிரித்தான். "அந்தக் கை ஒரு நாள் இல்லாம போனா?"

"அன்னிக்கு சொல்றேன், போ."

அவன் மேல்படிப்புக்குச் சீமைக்குக் கப்பலேறினான். அவன் பெட்டியைக் கூலியாள் யாரையும் தொடவிடாமல் நானே தலையில் சுமந்து ஏற்றினேன்.

அந்த மழைக்காலத்தில் துறைமுகத்தில் ஒரு பஞ்சுப் பேல் சரிந்து என் கை ஒடிந்தது. வீட்டில் வேறு ஆண்பிள்ளை இல்லை. எங்கள் முறை நாள் வந்தது. இறால் அள்ள அள்ள ஓடுகிற நேரம். இந்நேரம் எதிர்க்கரைக்காரன் வலையைப் போட்டிருப்பான் என்று பதறி, கட்டுப்போட்ட கையோடு கரைக்கு ஓடினேன்.

எங்கள் இடத்தில் வெறும் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வலைகூட இல்லை. முன்பு என்னிடம் அடி வாங்கிய எதிர்க்கரைக்காரன் தன் படகில் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"இன்னா பயில்வான், அப்டி பாக்கற? கை ஒடிஞ்சா மொறையும் ஒடிஞ்சு பூடுமா? நாளைக்கு என் கையும்தான் ஒடியும்!" என்றான்.

நான் முதலில் நினைத்தது பாயைத்தான். உடனே அவனிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் அவன் திரும்பவே இல்லை. மண்டியையும் மூடிவிட்டுக் குடும்பம் எங்கோ போய்விட்டது. எத்தனையோ பேரிடம் விசாரித்தேன்.

இப்போதும் ஞாயிறு சாயங்காலம் ராயபுரம் கடற்கரைக்குப் போகிறேன். அந்தக் கல்லில் என் பக்கத்து இடத்தில் யாரையும் உட்கார விடுவதில்லை. அது பாயின் முறை, அவன் வரும்வரை காலியாகத்தான் இருக்கும்.