பஜ்ஜி எண்ணெயில் சுருங்கிய பீக் வளையம்

போன வாரம் ஈரோட்டிலிருந்து அம்பத்தூருக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல, சண்டை போட. நான் மெயின்டனன்ஸ் பார்க்கும் சாயப்பட்டறையில் நீராவி வால்வுக்குள் மாட்டிய புது வளையம் மறுநாளே சுருங்கி, பீறிட்ட ஆவியில் மெஷின் ஓட்டும் மல்லிகாவின் முழங்கை வெந்துவிட்டது. வளையம் செய்தவரோ, நாங்கள் மாட்டிய விதம் தப்பு என்று போனில் சொல்கிறார். வந்த ஆத்திரத்தில் அன்று இரவே ரயில் ஏறினேன்.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போகிறவர்கள் சென்ட்ரலிலிருந்து மின்சார ரயிலில் பட்டரவாக்கத்தில் இறங்குங்கள். டிக்கெட் ஐந்து ரூபாய், அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அங்கிருந்து ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். "எஸ்டேட்ல எங்க சார்? உள்ள பூந்தா எல்லாத் தெருவும் ஒரே மாரி கீது," என்றார் ஓட்டுநர். சொன்னபடியே இரண்டு முறை சுற்றித்தான் இறக்கிவிட்டார்.

வளையம் செய்தவரின் ஷெட் முழுக்க பிளாஸ்டிக் வாளியும் மக்கும் அடுக்கியிருந்தன. போனில் பேசிய முதலாளி பாஸ்கர் டீ வாங்கிக் கொடுத்து உபசரித்தார். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

"வளையம் ஏன் காப்பித்தூள் கலரில் இருக்கிறது? பீக் சந்தன நிறத்தில்தானே வரணும்?"

"கலர்ல இன்னா சார் கீது? மெட்டீரியல் ஒரிஜினல்."

பொருள் ஒரிஜினல்தான், அதுதான் கொடுமை. பீக் சூடு தாங்கும் விலையுயர்ந்த பிளாஸ்டிக். அதை உருக்கிச் செலுத்தும் அச்சு, கை வைக்க முடியாத சூட்டில் இருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே படிகமாக இறுகும். குளிர்ந்த அச்சில் அடித்தால் அரைகுறையாக உறைந்து, பிறகு ஆவி பட்டதும் வால்வுக்குள்ளேயே இறுகிச் சுருங்கும். அப்போதுதான் நிறுத்திய மெஷினின் அச்சைத் தொட்டேன். பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது!

"சூடா வெச்சா பீஸ் லேட்டா உழும் சார். வாளிக்கும் இப்டித்தான் அச்சு குளுர தண்ணி உடறோம்."

வாளிக்கும் வால்வுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதரிடம் என்ன பேசுவது? ஒரு வளையத்தையும் அவரையும் இழுத்துக்கொண்டு எதிரிலிருந்த பஜ்ஜிக் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா, "இன்னா நைனா, பிளாஸ்டிக்க வறுக்கப் போறியா?" என்று திட்டிக்கொண்டே, கொட்ட வைத்திருந்த பழைய எண்ணெயைத் தகர டப்பாவில் காய்ச்சிக் கொடுத்தார். சற்று நேரத்தில் வளையம் வெளுத்துச் சந்தன நிறமானது. ஆறிய பிறகு, கொண்டுபோயிருந்த வால்வுத் தண்டில் மாட்டிப் பார்த்தோம். வறுக்கும் முன் ஏறிய வளையம் இப்போது ஏறவேயில்லை.

பாஸ்கர் முகம் மலர்ந்தது. "அப்போ வறுத்தே அனுப்பறேன் சார்!"

அடப்பாவி! ஒரு பெண்ணின் கை வெந்திருக்கிறது, இவருக்கு வறுவல் யோசனை. வறுத்தால் அளவுக்கு யார் பொறுப்பு? அச்சைச் சூடாக்கும் எண்ணெய் ஹீட்டர் வாங்கும் உத்தேசமே அவருக்கு இல்லை. ஆர்டரை அங்கேயே ரத்து செய்தேன்.

பீக் பாகம் வாங்கப் போகிறவர்களே, ஷெட்டுக்குள் போய் மெஷினை ஓட்டச் சொல்லி, அச்சு என்ன சூட்டில் இருக்கிறது என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். பழுப்பாக வந்தால் வாங்காதீர்கள். நாங்கள் அதைக்கூடப் பார்க்காமல் மாட்டினோம்.

திரும்பும்போது பட்டரவாக்கம் பிளாட்பாரத்தில் மல்லிகா போனில் வந்தார்.

"வளையம் கெடச்சுதுங்களா?"

"இல்லைம்மா."

"ஓனரு நாளைக்கு மெஷின ஓட்டச் சொல்றாருங்க. தேஞ்சுபோய்க் கழட்டுன பழைய வளையத்தையே மாட்டிக்கலாமாம்."

"ஓட்டாதே. ஓட்டணும்னா வால்வு பக்கத்துல அவரையே நிக்கச் சொல்லு."