அக்காவின் சல்லடையும் பாதி வடையும்

அக்காவின் வேதாகமத்து உள்ளட்டையில் பென்சிலால் எழுதிய குறிப்பு ஒன்று இருக்கிறது: “இன்று திருவிருந்து. பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. இவர் டீ குடித்துவிட்டு வந்தார்.” திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும்வரை வயிறு வெறுமையாக இருக்க வேண்டும் என்பது அக்காவின் சட்டம். நாளும் மாதமும் தெளிவாக உள்ளன, வருடம் இல்லை. ‘இவர்’ என்பது அக்காவின் கணவர், எங்கள் மச்சான். எந்த வருடம் என்று அவரிடமே கேட்டேன். “எந்த வருசம் டீ குடிக்கல மாப்ளே?” என்றார். ஆகவே அந்தக் குறிப்பை எந்த வருடத்திலும் வைக்கலாம்.

அக்கா பிறந்தது ராசிங்காபுரத்தில். எங்கள் பெற்றோர் காட்டு வேலை செய்தவர்கள். அக்கா எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டு, போடியில் ஏலக்காய் பொறுக்கப் போனார். மலையிலிருந்து இறங்கும் காயைச் சலித்து, பருமனும் பச்சையுமானதை ஒரு பக்கமும், வெளுத்ததையும் வெடித்ததையும் மறுபக்கமும் ஒதுக்கும் வேலை. அக்கா கை வைத்த குவியலை மறுபடி யாரும் கிளறிப் பார்த்ததில்லை.

அந்தச் சல்லடையை அவர் வீட்டுக்கும் கோயிலுக்கும் கொண்டுவந்ததுதான் எங்கள் சிரமம். பிரசங்கத்தில் கொட்டாவி விட்டவர், ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தவர், காணிக்கைப் பை வரும்போது மட்டும் கண்மூடி ஜெபித்தவர், எல்லாரும் வெடித்த காய்கள். நான் நடுத்தரம். மச்சான் போடிமெட்டு வழியாகத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுபவர். பீடி உண்டு, ஆராதனைக்குத் தாமதமாக வருவார், வந்ததும் தூங்கிவிடுவார். “ஒங்களுக்குப் பரலோகத்துல எடம் கெடையாதுங்க. அங்க போயி யாருக்கு நான் சோறு பொங்குவேன்?” என்று அக்கா உண்மையாகவே அழுததுண்டு.

அந்தக் கண்டிப்பில் கள்ளமில்லை. ஜீப் பழுதாகி மச்சான் வீட்டில் இருந்த மழைக்காலம் முழுவதும் அக்காதான் குடும்பத்தைத் தாங்கினார். உபவாச நாளில் தம் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டுபோய், உடன் காய் பொறுக்கும் சிலமலை ஊர்ப் பெண்களுக்குக் கொடுத்துவிடுவார். “ஒங்க சாமி ஒன்னயத் தெனமும் பட்டினி போட்டா எங்களுக்கு நல்லதுதான்க்கா” என்பார்கள் அவர்கள்.

கடைசியாகச் சர்க்கரை நோய் முற்றியது. வெறும் வயிற்றோடு இருக்கவே கூடாது என்றார் மருத்துவர். அக்காவின் சட்டம் அக்காவையே பிடித்துக்கொண்டது. சாப்பிட்டுவிட்டுத் திருவிருந்து வாங்க மாட்டார். சாப்பிடாமல் இருக்கவும் முடியாது. போதகர் மாதாமாதம் அப்பத்தையும் ரசத்தையும் வீட்டுக்கே கொண்டுவருவார். “அரை இட்லி தின்னுட்டேன் ஐயா” என்று சொல்லிவிட்டு அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். வாங்காமலே போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்ற பயம் அவரைத் தூங்கவிடவில்லை.

அப்படி ஒரு காலையில் போதகர் வந்தபோது, மச்சான் கட்டிலருகே உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். அக்கா வழக்கம்போல மறுத்தார்.

“அவளுக்கு வேணாம்னா எனக்குக் குடுங்கய்யா” என்ற மச்சான், பாதி வடையைத் தட்டில் வைத்துவிட்டு, கையை லுங்கியில் துடைத்து நீட்டினார்.

பல நாளாகப் பிடித்துத் தூக்கினால்தான் எழும் அக்கா, அன்று தானாகவே எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“கையெல்லாம் எண்ணெ! என்ன தகுதியில நீட்டுறீங்க?”

“தகுதியா? அது எனக்கு இருந்துச்சுன்னா அவரு எதுக்குப் புள்ள சிலுவையில தொங்கணும்? சும்மா இருந்திருப்பார்ல?”

“வாயப் பாருங்கய்யா இவருக்கு!”

“சலிச்சா நான் தேற மாட்டேன்னு எனக்கே தெரியும். அதான் சல்லடைய அவருகிட்டயே குடுத்துட்டேன். நீதான் அதக் கையில புடிச்சுக்கிட்டு, உள்ளயும் நீயே கெடந்து குதிக்கிற.”

போதகர் சிரித்துவிட்டார். “இத்தன வருசமா நான் சொன்னது முழிச்சிருந்தவங்களுக்குக் கேக்கல, தூங்குனவருக்குக் கேட்டிருக்கு” என்றார்.

அந்த நேரம் பார்த்து, போதகரின் பைக் வழியை மறிக்கிறது என்று பக்கத்து வீட்டார் சத்தம் போட, நான் வெளியே போனேன். திரும்பி வந்தபோது அக்காவின் இரண்டு கைகளும் நீண்டிருந்தன. முகம் நனைந்திருந்தது. “இவருக்கே உண்டுன்னா எனக்கும் உண்டுதானய்யா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். போதகர் அப்பத்தை அவர் கையில் வைத்தார்.

அதற்குப் பிறகு அக்கா நன்றாகத் தூங்கினார். அடுத்த திருவிருந்துக்கு முன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

மாத்திரையைத் திட்டு வாங்கிக்கொண்டே கொடுத்த அக்காவின் மகளுக்கும், அடக்கத்தன்று ஒருவரும் வேலைக்குப் போகாமல் வந்து நின்ற சிலமலைப் பெண்களுக்கும், அன்று மலைக்கு லோடு ஏற்றாமல் எங்கள் உறவினரை ஏற்றிவந்த ஜீப் ஓட்டுநர்களுக்கும், போதகருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஒன்று மட்டும் பாக்கி. மச்சான் தட்டில் வைத்த பாதி வடை, அப்பம் கொடுத்து முடித்த போதகருக்கு டீ வாங்கப் போய்த் திரும்பிய பிறகு நான் தட்டைப் பார்த்தபோது இல்லை. அக்காதான் அதைத் தின்றார் என்பதில் இரு சாட்சிகளும் ஒத்துப்போகிறார்கள். அப்பம் வாங்கிய பிறகு என்கிறார் போதகர். வாங்குவதற்கு முன்னாலேயே, தம்மை முறைத்துப் பார்த்துக்கொண்டே தின்றார் என்கிறார் மச்சான். எது முந்தியது என்பதை அக்காவின் இந்த நினைவு மலர் அச்சுக்குப் போகும்வரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.