நடந்து வந்த சாக்கு

என் கோணி ஊசியில், எப்போது எடுத்தாலும் நூல் கோத்திருக்கிறது. காலண்டருக்குப் பின்னால் செருகி வைக்கும் ஊசி அது. மிளகுச் சாக்கின் வாயைத் தைத்து முடித்து வெறும் ஊசியாகத்தான் செருகுவேன். அடுத்த முறை எடுத்தால் ஒரு முழ நூலோடு இருக்கும். கல்யாணமாகி மலைமேல் இந்தக் குண்டூர் நாட்டுக்கு வந்த வருஷம் மாமியார் என் கையில் கொடுத்த ஊசி. அந்த நாளில் அதைக் கொண்டு நான் அதிகம் தைத்தது மிளகுச் சாக்கை அல்ல, என் மாமனார் அம்பு விட்டுப் பழகும் சாக்கை.

அது வெள்ளைக்காரன் காலம், உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள். துப்பாக்கி வைத்துக்கொள்ள எங்களுக்கு வழியில்லை. மாமனார் சின்ன வயதில் பலா மரத்திலிருந்து விழுந்து ஒரு தோள் நழுவியவர். சாதா வில்லை இழுத்துப் பிடித்து நிற்க அவரால் முடியாது. அதனால் மலை அடிவாரத்துக் காரவள்ளித் தச்சர் ஒருவரிடம் சொல்லி, கட்டைமேல் வில்லைக் குறுக்காகப் பொருத்தி விசை வைத்து வாங்கியிருந்தார். காலால் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் நாணை இழுத்து மாட்டி, விசையை அழுத்தினால் குட்டை அம்பு பாயும். ஊரார் சேர்ந்து காட்டுப் பன்றி விரட்டும் நாளில் முதல் அம்பு அவருடையதுதான்.

அந்த வில்லுக்கு எதைக் குறியாக வைப்பது என்பதே பெரிய பாடாக இருந்தது. வாழைமரத் துண்டை வைத்தோம். நாலே நாளில் அழுகி நாறியது. பலாப் பலகையில் அம்பு முனை மழுங்கியது. கடைசியில் ஒரு சாக்கில் வாழைச் சருகையும் கூரைப் புல்லையும் திணித்து, ஏறி மிதித்து, மறுபடி திணித்து வாயைத் தைத்தேன். சாமைத் தாளைப் போட்டால் அதில் ஒட்டியிருக்கும் மணிக்கு எலி குடியேறிவிடும். அம்பை வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஒரு கையால் சாக்கை அழுத்திக்கொண்டு, நுழைந்த இடத்துக்குப் பக்கத்தில் பிடித்து நேராக உருவ வேண்டும். பிறகு உலக்கையால் தட்டி, குழி விழுந்த இடத்தில் சருகு திணித்து, ஓட்டையைத் தைத்து, நெல்லிக்காய் அளவுக்குச் சுண்ணாம்புப் பொட்டு வைப்பேன். மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிடுவேன். சாக்கு கிடைப்பதே அரிதான காலம். அந்த ஒரே சாக்கு மூன்று வருஷம் ஓடியது.

மாமனாரும் நானும் நேருக்கு நேர் பேசியதில்லை. எங்கள் ஊட்டு வழக்கம் அப்படி, நான் வேறு கூச்சக்காரி. ஏதாவது சொல்ல வேண்டுமானால் மாமியாரைப் பார்த்து, "உன்ற மருமவகிட்டச் சொல்லு, சாக்கு நல்லாத் தெச்சிருக்கா" என்பார். நான் ரெண்டு அடி தள்ளிச் சாணம் கரைத்துக்கொண்டிருப்பேன். "ஏனுங்க, அவ காது என்ன காரவள்ளியிலயா இருக்குது?" என்பார் மாமியார்.

மூன்றாம் வருஷம் என் தையல் இடம் மாறத் தொடங்கியது. அதுவரை நடுவிலேயே தைத்துத் தைத்து அங்கே முண்டு தட்டியிருந்தது. இப்போது ஓட்டைகள் இடப்பக்கம் நகர்ந்தன, பிறகு ஓரத்துக்குப் போயின. ஒரு நாள் அம்பு சாக்கிலேயே இல்லை, பின்னால் நின்ற பலா மரத்தில் இருந்தது. மாமனாருக்குக் கண் மங்குகிறது என்று சாக்கைத் தைக்கிற எனக்கு மட்டும்தான் தெரிந்தது. வெளியே சொன்னால் முதல் அம்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள், மனுஷர் ஒடிந்து போவார். அதனால் ஒரு காரியம் செய்தேன். சாக்கைக் கட்டும் முளைக்குச்சியை ஒரு தப்படி முன்னால் நட்டேன். பொட்டை எலுமிச்சை அளவாக்கினேன். பத்து நாள் கழித்து இன்னொரு தப்படி. மூன்று மாசத்தில் இருபத்தைந்து தப்படி பதினேழாயிற்று, பொட்டு அப்பளம் அளவுக்கு வளர்ந்தது. ஓட்டைகள் நடுவுக்குத் திரும்பின. எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

பன்றி விரட்ட நாள் குறித்ததும் அந்தப் பெருமை போயிற்று. மரவள்ளிக் காட்டோரம் புதரில் இறங்கித் தகரம் தட்டிப் பன்றியைக் கிளப்பும் ஆட்களில் என் புருஷனும் ஒருவர். எதிர் முனையில் வில்லோடு நிற்பவர் மாமனார். குறி தப்பாது என்று அவரை நம்ப வைத்தவள் நான். புதர் அசைந்து, அசைந்தது பன்றி என்று அவர் நினைத்துவிட்டால்?  வாயைத் திறந்து சொல்லவும் எனக்கு வரவில்லை.

விரட்டுக்கு முந்தின நாள் காலை ஊர் ஆட்கள் கூடி, மாமனார் ஒரு அம்பு விடுவதைப் பார்ப்பது வழக்கம். அவர்கள் வரும் முன்பே சாக்கைத் தூக்கிப்போய்ப் பழைய இருபத்தைந்தாம் தப்படியில் கட்டினேன். பெரிய பொட்டைச் சாணியால் மெழுகி, நடுவில் நெல்லிக்காய் அளவு பொட்டு வைத்தேன். பேச வராதவள் பேசியது அவ்வளவுதான். தொழுவத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

மாமனார் நாணை மாட்டி, வில்லைத் தூக்கிப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். விசையை அழுத்தவில்லை. அம்பை எடுத்துவிட்டு நாணை மெல்லத் தளர்த்தினார். "மூணு மாசமா என்னையப் பாத்து நடந்து வந்த சாக்கு, இன்னிக்குத் திரும்பி ஓடிப் போயிருச்சே" என்றார்.

"சாக்கு ஓடுமாங்க?" என்று ஒருவர் சிரித்தார்.

"ஓடும் சாமி. புத்தியுள்ள சாக்கு." வில்லைத் தன் தம்பி கையில் கொடுத்தார். "நாளைக்கு மொத அம்பு உன்றது. நான் தகரம் தட்ட வாரேன். என்ற சத்தத்துக்குப் பன்னி பயப்படுமா இல்லையான்னு என்ற பொண்டாட்டியக் கேளு."

"நான் முப்பது வருசமாப் பயந்துட்டுத்தான் இருக்கறனுங்க" என்றார் மாமியார். எல்லாரும் சிரித்தார்கள். மாமனாருக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது.

மறுநாள் பன்றியை விரட்டிவிட்டு எல்லாரும் முழுசாகத் திரும்பினார்கள். என் புருஷன் காலில் முள் கீறல் மட்டும். மாமனார் களியை உருட்டியபடி மாமியாரைப் பார்த்துச் சொன்னார்: "உன்ற மருமவகிட்டச் சொல்லு. நாளையிலிருந்து சாக்கு பழையபடி கிட்டக்க வரட்டும். இன்னும் ரெண்டு தப்படி வந்தாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன்." மாமியார் என் பக்கம் திரும்பும் முன்பே நான் முளைக்குச்சியைத் தேடிப் போய்விட்டேன். அதற்குப் பிறகும் அவர் பல வருஷம் அம்பு விட்டார், சும்மா பொழுது போக. கடைசியில் சாக்கு ஏழு தப்படியில் நின்றது.

இப்போது எனக்கு அவருடைய அந்த வயசும் தாண்டிவிட்டது. என் மருமகள் ஆபீஸ் வேலைக்குப் போகிறவள். என்னோடு எல்லாம் பேசுவாள், ஊசியைப் பற்றி மட்டும் பேசியதில்லை. அவ்வளவு பெரிய துளையில் நூல் கோக்க முடியாமல் நான் நனைத்து நனைத்து நின்றதை எப்போதோ பார்த்திருக்கிறாள். நானும் கவனிக்காதவள் போலத் தைத்து வந்தேன். நேற்று பெரிய சாக்கு, பாதியிலேயே நூல் தீர்ந்துவிட்டது. மகனைப் பார்த்து, "உன்ற பொண்டாட்டிகிட்டச் சொல்லு கண்ணு, இனி ரெண்டு முழமாக் கோத்து வெக்கட்டும்" என்றேன். பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல் சிரித்தாள்.

இன்று காலை பார்த்தேன். காலண்டருக்குப் பின்னாலிருந்து நூல் தரை வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்தது.