நைனா குடித்திருந்த ஞாயிற்றுக்கிழமை

பழவேற்காட்டு ஏரிக்கரையில் இப்போது போலீஸ் போர்டு வைத்திருக்கிறார்கள், குடித்துவிட்டுப் படகு ஓட்டினால் கேஸ் என்று. எங்கள் குப்பத்துக்கு அது பழைய சங்கதி. நான் மூன்றாவது படிக்கும்போதே ஊர்க்கூட்டம் போட்டுக் கட்டுப்பாடு வைத்துவிட்டார்கள். குடித்துவிட்டுப் படகைத் தொட்டவன் ஒரு மாதம் தண்ணியில் இறங்கக்கூடாது. அதோடு விட்டார்களா? ஒருத்தன் மாட்டினால் அன்றைக்கு அந்தத் துறையிலிருந்து எந்தப் படகும் கிளம்பக்கூடாது. ஒருத்தனை ஒருத்தன் கண்காணிக்கட்டும் என்றுதான் அப்படி.

எங்கள் நைனா குடிக்கமாட்டார். கல்யாண வீட்டில்கூட கலர் குடித்துவிட்டு வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில், ஊர் பார்க்க வருகிறவர்களை ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் வரைக்கும் படகில் கூட்டிப்போய் வருவார். பக்கத்துப் படகு மாமாவுடையது. அம்மா கரையில் இறால் போட்டு எறா வடை சுடுவாள். நான் அதைத் தின்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எறா வியாபாரி முதலாளி பேரனுக்குக் காது குத்திவிட்டுக் குடும்பத்தோடு வந்து இறங்கினார். குப்பத்து எறா மொத்தமும் அவர் தராசில்தான் ஏறும். அவரிடம் முடியாது என்று சொல்லும் வாய் ஊரில் யாருக்கும் கிடையாது. மருமகள்கள், கைக்குழந்தை, பிரியாணி அண்டா எல்லாம் படகில் ஏறியாயிற்று.

நைனா கட்டை அவிழ்த்துக்கொண்டே வடக்கே பார்த்தார். "மொதலாளி, வாடக்காத்து ஏறுது. இன்னொரு நாள் போலாம்."

"இன்னாப்பா, தண்ணி தட்டாட்டம் கெடக்குது, காத்துன்ற? உனக்கு இஷ்டமில்லனா வுடு, உன் மச்சான் வருவான்" என்றார் முதலாளி. மாமா பாவம், தலையைக் குனிந்துகொண்டு இன்ஜினுக்குக் கயிறு சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

நைனா படகைவிட்டு இறங்கினார். ஊர்த் தலைவர் அம்மாவிடம் வடை வாங்கிக்கொண்டிருந்தார். நேரே அவர் முன்னால் போய் நின்று, "தலைவரே, நான் குடிச்சிருக்கேன். குடிச்சிட்டு படகைத் தொட்டுட்டேன்" என்றார்.

தலைவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். வடக்கேயும் பார்த்தார். "ஊது" என்றார். நைனா ஊதினார். தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "த்தூ, நாறுது. எல்லாப் படகையும் கட்டுங்கடா" என்றார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு, "குடிகாரனைக் கட்டிக்கினு மாரடிக்கிறேனே" என்று நைனாவைப் பிடித்துக்கொண்டாள். மாமா கயிற்றை வீசிவிட்டு, என் பொழப்புலயும் மண்ணைப் போட்டியே என்று கத்தினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நைனா குடிக்கலயே" என்று நான் ஆரம்பித்ததும் அம்மா சுடச்சுட ஒரு வடையை என் வாயில் திணித்தாள். நாக்கு வெந்துபோயிற்று.

முதலாளி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் பிரியாணியைப் பிரித்தார். அவர்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஏரி புரண்டது. கட்டிப்போட்டிருந்த படகுகளே ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. துறையில் இருந்தவர்கள் ஓடிப்போய்க் கயிறுகளை இன்னும் இறுக்கினார்கள். முதலாளி கிளம்பும்போது, "குடியை வுட்டுடுப்பா, பொண்ணு வச்சிருக்கிற" என்று நைனாவுக்குப் புத்தி சொன்னார். அதற்கப்புறம் எறா நிறுக்கும்போதெல்லாம் நாலு பேர் முன்னால் அதையே சொல்வார். "சரிங்க மொதலாளி" என்பார் நைனா.

அந்த மாதம் முழுக்க நைனா வீட்டில் வலைக்குப் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அப்படிக் கத்திய மாமா தினமும் மீன் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். குடிகாரனுக்கு எதற்கு மீன் என்று எனக்கு ஆத்திரம். தலைவரே மோந்து சொன்னபிறகு சந்தேகம் ஏது? பள்ளிக்கூடம் கிளம்புமுன் தினமும் நைனாவை "ஊது" என்பேன். வலையைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, சிரிக்காமல் ஊதுவார். பல்பொடி வாசம்தான் வரும். இன்றைக்குக் குடிக்கவில்லை என்று நிம்மதியாகப் போவேன்.

அந்த ஊரிலேயே நைனா குடித்ததாக நம்பியது முதலாளியும் நானும் மட்டும்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.